பழுது எங்கே?

வீட்டுப் பொருளொன்று திடீரென வேலைநிறுத்தஞ் செய்தால், நம்மவர் முதலிற் செய்யும் வைத்தியம் அதன் தலையில் ஓர் அடி போடுவதாகும். வானொலிப் பெட்டி பேச மறுத்தால் ஓர் அடி. தொலைக்காட்சியிற் படம் ஆடினால் பக்கவாட்டில் இரண்டு. இதனைப் பாமரர் செயலென்று படித்தவர்கள் நகைப்பர். நகைப்பவர்களும் தம் வீட்டிலே, பிறர் பாராத வேளையில், இதையே செய்வர். வியப்பென்னவெனில், பல வேளைகளில் அடி பலித்துவிடுகிறது. ஊமையாயிருந்த பெட்டி பேசத் தொடங்குகிறது.

அடி ஏன் பலிக்கிறது? உலோகத்தோடு உலோகம் பொருந்தும் இடங்களிலே காலப்போக்கிற் களிம்பு படர்கின்றது. பற்றாசு வைத்த மூட்டொன்று வெளிப்பார்வைக்கு ஒட்டியிருப்பது போலத் தோன்றினும், உள்ளே மயிரிழையளவு பிளந்து நிற்கும். அதிர்வு பட்டதும் விலகியிருந்தவை ஒருகணந் தொட்டுக்கொள்கின்றன, மின் ஓடுகிறது. அடித்தவர் பழுதைப் போக்கினாரல்லர். ஆனால், பழுது இன்ன இனத்தைச் சேர்ந்தது, எங்கோ ஒரு பொருத்துவாய் தளர்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாம் கண்டுபிடித்ததை அவர் அறியார் என்பதுதான் குறை. தொழில் தெரிந்தவரும் தட்டித்தான் பார்ப்பார். அவர் தட்டுவது கையாலன்று, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால். தலையிலன்று, உள்ளே ஒவ்வொரு மூட்டாக. எந்த இடத்தைத் தட்டும்போது ஒலி கரகரத்துத் திரும்புகிறதோ, அங்கே அவர் தேடிய பொருள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலே எங்கள் ஊர்ச் சந்தியில் அத்தகைய ஒருவர் இருந்தார். ஊரவர் அவரை றேடியோக்காரர் என்றே அழைத்தனர். வால்வு வானொலிகளின் காலத்திலே தொழில் பழகியவர். பின்னர் திரான்சிற்றர் வந்தது, தொலைக்காட்சி வந்தது. விசிறி, மின்னடுப்பு, ஸ்திரிக்கைப் பெட்டி யாவும் அவர் மேசைக்கு வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

பொருளைக் கொண்டுபோய் அவர்முன் வைத்தால் உடனே திறக்கமாட்டார். "தம்பி, இது கடைசியா எப்ப ஒழுங்கா வேலை செய்தது? அப்ப பக்கத்தில என்ன நடந்தது? மழை பெய்ததோ? வீட்டில வேற ஏதும் ஓடிக்கொண்டிருந்ததோ?" என்று விசாரணை தொடங்கும். அவசரக்காரருக்கு இது பொறுக்காது. பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னால் நாள் நட்சத்திரம் கேட்கிறாரே என்று முணுமுணுப்பர். அவரோ கேட்டு முடித்த பின்னரே திருகாணியிற் கை வைப்பார். நோயையும் நோயின் காரணத்தையும் தேடியறிந்த பின்னரே மருந்துக்குப் போகவேண்டும் என்று வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த ஒழுங்கை அவர் படித்திருந்தாரோ, யானறியேன்.

வால்வு வானொலியிலே ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பெயர் இருந்தது. இடைவிடாது வண்டு முரல்வதுபோல அடித்தொனி கேட்டால், மின்னோட்டத்தைச் சமப்படுத்தும் பெரிய கொள்ளளவி வற்றிவிட்டது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், அதன் காபன் பாதையிலே தூசி. ஒலியே இல்லையா? வால்வுகள் மினுங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். சிலவகைப் பெட்டிகளில் வால்வுகளின் சூடாக்கும் இழைகளைத் தொடராகக் கோத்திருப்பர். ஒன்று அறுந்தால் எல்லாம் இருண்டுவிடும். இன்று நாம் வாங்கும் எல்.ஈ.டி. மின்குமிழிலும் இதே நோய் உண்டு. மூடியைக் கழற்றிப் பார்த்தால், சிறு மஞ்சட் புள்ளிகளுள் ஒன்றின் நடுவிலே கரும்பொட்டு இருக்கும். அந்த ஒன்று எரிந்ததனால் ஏனையவும் அணைந்தன. பெரும்பாலும் குமிழ் முழுவதையும் குப்பையிற் போட்டுவிடுகிறோம்.

வால்வுகள் மினுங்கியும் பெட்டி பேசாவிட்டால் அவர் கையாண்ட முறையை எனக்கு ஒருமுறை விளக்கினார். நான் அப்பொழுது பள்ளி மாணவன். "கிணத்தில இருந்து தோட்டக் கடைசிக்குத் தண்ணி போகேல்லை. வாய்க்கால் எங்கயோ உடைஞ்சு போச்சு. நீ எங்க போய்ப் பார்ப்பாய்?" என்று கேட்டார். கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டு போவேன் என்றேன். "அப்படிப் பார்த்தால் பொழுதுபட்டுப் போம். நடுவாய்க்காலுக்குப் போ. அங்க தண்ணி வந்தால் உடைப்பு அங்கால, வராட்டில் இங்கால. பிறகு மிச்சத்தில பாதிக்குப் போ" என்றார். பின்னர், பெட்டியின் நடுவேயுள்ள ஒலிக்குமிழின் முனையை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தொட்டார். ஒலிபெருக்கி உறுமியது. அந்த இடத்திலிருந்து ஒலிபெருக்கி வரைக்கும் பாதை பழுதற்றது என்பதே அதன் பொருள். ஆதலின் உடைப்பு வான்கம்பிப் பக்கத்தில். ஒரே தொடுகையிற் பாதிப் பெட்டி விசாரணையிலிருந்து விடுதலை பெற்றது. உயர் மின்னழுத்தம் ஓடும் அத்தகைய பெட்டியிலே பழகாதவர் இதனைச் செய்துபார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும் என்பதையுஞ் சொல்லிவைக்கிறேன்.

கருவி எதுவும் வேண்டாத பரிசோதனைகளும் உள. கூரை மின்விசிறி உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை. ஆளியை அணைத்துவிட்டுக் கையால் இறகைச் சுழற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் உள்ளேயிருக்கும் குண்டுப்போதிகை கெட்டிருக்கிறது. இலகுவாகச் சுழன்றாற் குற்றம் பெரும்பாலுங் கொள்ளளவியில். வீட்டுக்கு வரும் ஒற்றை அவத்தை மின்னோட்டம் தானே ஒரு மோட்டாரைத் தொடக்கிவிடாது. இரண்டாவது சுருளிலே ஓடும் மின்னோட்டத்தைச் சற்று முன்பின்னாக நகர்த்தி, சுழல்கின்ற காந்தப்புலத்தை உண்டாக்குவது அந்தச் சிறு கொள்ளளவியே. பெரும்பாலான விசிறிகளில் அதன் அளவு ஏறக்குறைய 2.5 மைக்கிரோபரட். வெப்பத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல இது தேய்கிறது; விசிறியின் வேகமும் சிறிது சிறிதாகக் குறைகிறது. வீட்டார் அதனை உணர்வதில்லை. இந்த வருடம் வெக்கை கூட என்று சொல்லிக்கொள்வர்.

சோறாக்கும் மின்கலயத்தின் கதை இன்னும் எளியது. அரிசி வேகாமலே ஆளி மேலே துள்ளிவிடுகிறது என்று ஒரு வீட்டார் அதைத் தூக்கிக்கொண்டு வந்தனர். கலயத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு காந்தம், தண்ணீர் வற்றி வெப்பம் 100 பாகையைக் கடந்ததும், தன் பிடியை இழந்து ஆளியை விடுவிக்கும்படி அமைந்தது அந்தப் பொறி. றேடியோக்காரர் கலயத்தைத் தூக்கி, சூட்டுத்தட்டிலே கருகி ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தாற் சுரண்டியெடுத்தார். பருக்கையினாற் கலயம் ஒருபுறஞ் சாய்ந்து, தட்டின் வெறுஞ்சூடு காந்தத்தை ஏமாற்றிவிட்டது. அன்று அவர் கூலி வாங்கவில்லை.

இவையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அத்தகையதன்று.

1984 ஆம் ஆண்டு எங்கள் வீட்டு மின் ஸ்திரிக்கைப் பெட்டியைத் தொடும்போது கையிலே ஏதோ சிலிர்ப்பது போலிருக்கிறது என்று என் தாயார் சொல்லத் தொடங்கினார். எல்லா நாளும் இல்லை. சில நாட்களில் மட்டும். நகரத்துக் கடையொன்றிற் காட்டினோம். அங்கே அதை மின்னிற் பொருத்தி, சூடேறுகிறதா என்று பார்த்து, ஒரு குறையும் இல்லையென்று திருப்பித் தந்தனர். உண்மைதான், அது நன்றாகச் சூடேறியது. இரண்டு மாதங்கள் சென்றன. எங்கள் பெரியம்மா இதற்கு வேறொரு காரணங் கண்டார். வெள்ளிக்கிழமைகளில் விரதமிருந்துகொண்டு உடுப்பு அழுத்துவது ஆகாது என்றார். ஏனெனில், சிலிர்ப்பு வெள்ளிக்கிழமைகளிலேயே வந்தது.

றேடியோக்காரரிடம் இதைச் சொல்லச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வீட்டில என்ன செய்வியள் அக்கா?" என்று கேட்டார். வீடு கழுவுவோம் என்றார் தாயார். "கழுவின ஈரத்தில செருப்பில்லாமல் நிண்டு அழுத்திறனியளோ?" ஆம். "அப்ப இது வெள்ளிக்கிழமைக் குற்றமில்லை அக்கா, ஈரக் குற்றம்" என்று சொல்லிப் பல்மானியை எடுத்தார்.

அதனுள்ளே இருந்தது ஒரு பழுதன்று, இரண்டு. அக்கால ஸ்திரிக்கைப் பெட்டிகளில் வெப்பந்தரும் நிக்குரோம் நாடாவை மைக்காத் தகட்டிற் சுற்றி, உலோக உடலிலிருந்து பிரித்து வைத்திருப்பர். ஓரிடத்தில் அந்தத் தகடு வெடித்து, மின் உடலுக்குக் கசிந்துகொண்டிருந்தது. இது முதலாவது. உடலுக்குக் கசியும் மின்னை நிலத்துக்குக் கொண்டுசெல்லவே மூன்றாவது கம்பியாகிய புவித்தொடுப்பு இருக்கிறது. அது, வடம் பெட்டிக்குள் நுழையும் கழுத்திலே, நாள்தோறும் வளைந்து வளைந்து, மேலுறைக்குள்ளேயே அறுந்துபோயிருந்தது. இது இரண்டாவது. புவித்தொடுப்பு அறாதிருந்தால், கசிவு முற்றியபோது உருகி எரிந்து பழுதை அறிவித்திருக்கும். கசிவு இல்லாதிருந்தால், அறுந்த புவித்தொடுப்பினால் அன்றாடத்தில் ஒரு தீங்குமில்லை. ஒரு பழுது மற்றதன் வாயை மூடியது. மின் நிலத்துக்குச் செல்ல எஞ்சியிருந்த வழி என் தாயாரின் உடலொன்றே. செருப்பணிந்த காலும் உலர்ந்த சீமெந்துத் தரையும் ஆறு நாட்கள் அந்த வழியை அடைத்திருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அது திறந்தது. அடுத்த மாதம் மாரி தொடங்கியிருந்தாற் சிலிர்ப்போடு நின்றிருக்குமோ என்பதை நினைக்க இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது.

நகரத்துக் கடையார் பொய் சொன்னாரல்லர். வேலை செய்கிறதா என்று பார்த்தனர், வேலை செய்தது. வேலை செய்யாத பொருள் தன் பழுதைத் தானே பறைசாற்றுகிறது. அதை ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம், அதனாற் கேடில்லை. நன்றாக வேலை செய்துகொண்டே உள்ளே பழுதுபட்டிருக்கும் பொருளைத்தான் நாம் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இக்காலத்து வீடுகளில் ட்ரிப் சுவிற்ச் என்ற காவலாளி உண்டு. வீட்டுக்குட் போன மின்னோட்டமும் திரும்பிவந்த மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டேயிருக்கும். வீடுகளிற் பொதுவாகப் பொருத்தப்படும் வகையில், 30 மில்லியம்பியர் குறைந்தாலே, அது யாரோ ஒருவரின் உடல்வழி போகக்கூடும் என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்னைத் துண்டித்துவிடும். இதனை வைத்துக்கொண்டு நம்மவர் செய்வதென்ன? அடிக்கடி விழுகிறது, தொல்லையாயிருக்கிறது என்று சொல்லி, அதைச் சுற்றி நேரே கம்பி இழுத்துவிடுகின்றனர். கள்வனைக் கண்டு குரைத்த நாய்க்கு வாய்ப்பூட்டுப் போடுவது போன்றது இது. செய்யவேண்டியது வேறு. எல்லாச் செருகிகளையுங் கழற்றிவிட்டு, ஆளியை மேலே போட்டு, ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு வரவேண்டும். எதனைப் பொருத்தியதும் விழுகிறதோ அதுவே குற்றவாளி. ஒன்றுமே பொருத்தாதபோதும் விழுந்தாற் பழுது சுவருக்குள் இருக்கிறது. அதற்குத் தகுதியுள்ள மின்வினைஞரை அழையுங்கள்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. ஜாம் போத்தலிலே திரியிட்ட விளக்கில் எங்கள் இளையோர் படித்த காலம் அது. போர்க்காலத்திற் செய்தி என்பது சோற்றுக்கு அடுத்தது. சில நாட்களிற் சோற்றுக்கு முந்தியது. பழைய மின்கலங்களை வெயிலிற் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் சில நாழிகை உயிரூட்டிப் பார்த்தனர். அதுவும் ஓய்ந்தபோது துவிச்சக்கரவண்டியின் தைனமோ கைகொடுத்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, ஏனையோர் சுற்றிவர அமர்ந்து செய்தி கேட்டனர்.

தைனமோ தருவது 6 வோல்ற்று. நான்கு பற்றரிக்குச் சமன். ஆயின் அது ஆடலோட்டம்; வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளை வைத்து அதனை நேராக்கினாலும், சுற்றுக்குச் சுற்று ஏறியிறங்கும் அலை நீங்காது. செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மேலே வானொலி உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலை றேடியோக்காரருக்கு அறிமுகஞ் செய்யவேண்டியிருக்கவில்லை. வால்வுக் காலத்து வண்டு முரலொலி அது. மின்சாரமின்றிக் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து கொள்ளளவிகளைக் கழற்றி இணைத்தார். குரல் தெளிந்தது.

ஒரு மாலை, எங்கள் அயல்வீட்டிலே தைனமோ சுழன்றும் வானொலி மூச்சுவிடவில்லை. இருவாயியை மாற்றினர், கம்பியை மாற்றினர், வானொலியையே மாற்றினர். அவர் வந்து, வண்டிக்கு எப்பொழுது நிறம் பூசினீர்கள் என்று கேட்டார். முதல்நாள் பூசியிருந்தனர். தைனமோவிலிருந்து ஒரு கம்பியே வெளியே வருகிறது. மற்றைய வழி வண்டியின் இரும்புச் சட்டமே. புதுநிறம் அந்த வழியை மறித்துவிட்டது. கத்தி முனையாற் சிறிது சுரண்டினார். செய்தி முடிவதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்க முடிந்தது.

அவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவரிடந் தொழில் பழகிய ஒருவர் அதே சந்தியில் இருக்கிறார். 2022 மார்ச் மாத இறுதியில், நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் துண்டிக்கப்பட்ட நாட்களில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டது. மின் வந்ததும் 'டக்' என்றொரு சத்தம், பின் மௌனம், சில நிமிடங்கழித்து மீண்டும் 'டக்'. ஆசிரியர் நீரிழிவு நோயாளர். 2 முதல் 8 பாகை செல்சியசிற் பேணவேண்டிய இன்சுலின் புட்டிகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. முதலில் வந்த திருத்துநர் அமுக்கி எரிந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றார். அந்நியச் செலாவணி வற்றி, இறக்குமதி கட்டுப்பட்டிருந்த வேளையில் அமுக்கிக்கு எங்கே போவது? ஈரமணல் இட்ட மட்பானைக்குள் புட்டிகளை வைத்துக்கொண்டு வீட்டார் தவித்தனர்.

சந்தியிலிருந்து மாணவர் வந்தார். மின் வந்து எவ்வளவு நேரத்திற் சத்தம் கேட்கிறது என்று விசாரித்தார். மின் நின்று உடனே மீண்டால் அமுக்கிக்குள் வாயுவின் அழுத்தம் தணியாதிருக்கும். அந்நிலையில் மோட்டார் தொடங்கமாட்டாது திணறுவது இயல்பு. பத்து நிமிடம் பொறுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் இங்கே பொறுத்தும் தீரவில்லை. செருகியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்னால், அமுக்கியின் பக்கத்தே பொருத்தியிருந்த தீப்பெட்டியளவான தொடக்கியை உருவியெடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கலகலவென்றது. வெடித்த வில்லையொன்றின் சத்தம் அது. பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த தொடக்கியைப் பொருத்தினார். அமுக்கி ஓடியது.

கூலியாக அவர் 2,500 ரூபா கேட்டார். ஆசிரியரின் மகனுக்கு மனம் ஒப்பவில்லை. சில நூறு ரூபாப் பொருள், ஐந்து நிமிட வேலை, இதற்கா இவ்வளவு என்றார். ஆசிரியர் கொடுத்தனுப்பினார், ஆனால் மகனின் கேள்வி அவர் ஒருவருடையதன்று. துண்டுக்கு விலை கொடுக்க நாம் தயங்குவதில்லை. எந்தத் துண்டு என்று கண்டறிந்ததற்கு விலை கேட்டாற் சினக்கிறோம். அதனாலேதான் திருத்துநரும் கண்டறிவதை விட்டுவிட்டு, துண்டுகளை மாற்றக் கற்றுக்கொள்கிறார். அமுக்கியை மாற்றினால் அமுக்கியின் விலையோடு கூலியும் முணுமுணுப்பின்றி வரும். தொடக்கியைக் குலுக்கிப் பார்ப்பவருக்கு ஏச்சு வரும். இதிலே குற்றவாளி யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

உற்பத்தியாளரும் இதற்கு உடந்தை. திருகாணி இருந்த இடத்திலே பசை வந்துவிட்டது. இன்றைய சலவை இயந்திரம் தன் நோயை எண்ணாலும் எழுத்தாலும் தானே அறிவிக்கிறது. அந்தக் குறியின் பொருளை அறியும் ஏடு மட்டும் எல்லோருக்குங் கிட்டுவதில்லை. பிரான்சு நாடு, இத்தகைய பொருட்களை எவ்வளவு எளிதில் திருத்தலாம் என்பதைப் புள்ளியிட்டு விற்கும் முறையை 2021 இற் கொண்டுவந்தது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்திக்கொடுக்கவேண்டும் என்று 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் நெறிமுறை இயற்றியது. சட்டம் உதிரிப்பாகத்தைக் கொண்டுவந்து தரும். வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்கும் ஆளை அது தருமோ, ஐயமே.

சென்ற மாதம் எங்கள் வீட்டு விசிறிக்குக் கொள்ளளவி வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். குருவானவரின் மேசை அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, பழைய பால்மாப் பேணிகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்தில் ஒரு சீட்டு: இருவாயி, உருகி, வில், மைக்கா, சிறு திருகாணி, பெருந்திருகாணி. மூலையிலிருந்த கடைசிப் பேணியின் சீட்டு மங்கிப்போயிருந்தது. கிட்டப்போய் வாசித்தேன். 'எதிலிருந்து கழன்றதெனத் தெரியாதவை' என்று எழுதியிருந்தார். மாணவர் அதை இன்னும் எறியவில்லை. எனக்குக் கொள்ளளவியைத் தருமுன், "விசிறி எப்ப இருந்து மெதுவாச் சுத்துது?" என்று கேட்டார்.